பொறு என்று தூக்கிய கை

சனிக்கிழமை காலை அறிவிப்புப் பலகையில் ஞாயிற்றுக்கிழமை வேலைமுறையை ஒட்டினார்கள். பசை காய்வதற்குள் அதன் முன்னால் கூட்டம் கூடிவிட்டது.

"யாருடி இதை ஒட்டினது?"

"வேற யாரு, சைரன் அக்காதான்."

"நாளைக்கு ஞாயித்துக்கிழமைடி!"

"அது தெரிஞ்சுதான் ஒட்டியிருக்காங்க. மேல கொட்டை எழுத்துல போட்டிருக்கு பாரு."

அது ஒரு சலவைக் கூட்டுறவுச் சங்கம். நகரத்தின் மருத்துவமனைகளிலிருந்து வரும் படுக்கை விரிப்பு, தலையணை உறை, அறுவைச் சிகிச்சைத் துணி எல்லாம் அங்கேதான் வெளுத்தன. வேலை செய்யும் பெண்களே அதற்கு முதலாளிகள். வருஷத்துக்கு ஒருமுறை அவர்களே தலைவியைத் தேர்ந்தெடுப்பார்கள், பெரிய முடிவுகளையும் அவர்களே எடுப்பார்கள். வாசல் பலகையில் அப்படித்தான் எழுதியிருந்தது.

இப்போதைய தலைவி மடிப்பறையில் விரிப்பு மடித்துக்கொண்டிருந்தவள். அவளுக்கு இயற்கையிலேயே பெரிய தொண்டை. முகத்துக்கு நேரே அக்கா, முதுகுக்குப் பின்னால் சைரன். அந்தப் பட்டப்பெயர் அவள் காதுக்கும் எட்டியிருந்தது. அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு. ஒரு சங்கத்தை நடத்துகிறவளுக்குக் குரல் எடுபட வேண்டாமா?

சத்தம் கேட்டு அறையை விட்டு வெளியே வந்தாள்.

"என்ன, சந்தைக்கடை மாதிரி? ஹோட்டல்காரங்க வேலை நாளையிலிருந்து ஆரம்பிக்குது. ஞாயிறு தவறாம லாரி வரும். அதைத்தான் எழுதிப் போட்டிருக்கேன்."

"எங்களைக் கேக்காமலா?"

"கேக்காமலா? போன வாரம் கூட்டத்துல கேட்டேனே! அத்தனை பேரும் கை தூக்கினீங்களே! ஒருத்தி பாக்கியில்ல."

கூட்டத்தில் ஒரு குழப்பம். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்னால் நின்ற ஒருத்தி மட்டும் பக்கென்று சிரித்துவிட்டாள். அவள் துவைப்புக் கூடத்தின் பொறுப்பாளர். விரிப்பில் கடுகளவு கறை இருந்தாலும் மறுபடி துவைக்க அனுப்புவாள் என்பதால் அவளுக்குக் கறார் என்று பெயர். தலைவியின் வயதுதான் அவளுக்கும். இருவரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒருத்தி மடிப்பறைக்கும் மற்றவள் துவைப்புக் கூடத்துக்கும் போனார்கள். நடுவில் ஒரு தடித்த சுவர்.

"இதுல சிரிக்க என்ன இருக்கு?" என்றாள் தலைவி.

"கோவிச்சுக்காதீங்கக்கா. நாங்க கை தூக்கினது நெசம். ஆனா அது சரின்னு சொல்றதுக்கு இல்ல."

"பின்ன எதுக்கு?"

"பொறுன்னு சொல்றதுக்கு."

தலைவிக்குப் புரியவில்லை. கறார் அவளைத் தள்ளிக்கொண்டு போனாள். "வாங்க, உள்ள வந்து பாருங்க. சொன்னா வெளங்காது."

துவைப்புக் கூடத்தில் ஆளுயர எந்திரங்கள் இரண்டு வரிசையாக ஓடின. அங்கே பேச்சு செல்லாது. பக்கத்தில் நிற்பவள் காதோடு வாய் வைத்தால்தான் கேட்கும். அதனால் அந்தக் கூடத்துக்கென்று கைப்பேச்சு ஒன்று உண்டு. அதில் முதல் பாடம் 'பொறு'. மருத்துவமனைத் துணிக்குள் எப்போதாவது ஊசியோ கத்தரியோ மறந்து வந்துவிடும். யார் கண்ணில் பட்டாலும் உடனே உள்ளங்கையை விரித்து உயர்த்துவாள். துணிக்குள் கையை விடாதே, பொறு என்று அர்த்தம். அதைப் பார்த்தவள் தானும் உயர்த்த வேண்டும், அவளைப் பார்த்து அடுத்தவள். தூணுக்குப் பின்னால் நிற்பவளுக்கும் செய்தி போய்ச் சேர இது ஒன்றுதான் வழி. முதலில் தூக்கியவள் கையை இறக்கும்வரை யாரும் அசையக் கூடாது. யோசித்துக்கொண்டு நிற்பவளுக்கு விரல் போய்விடும் என்பதால் யாரும் யோசிப்பதில்லை.

மடிப்பறைக்கு வருவது சுத்தமான துணி. அங்கே ஊசி கிடையாது, ஆகவே 'பொறு'வும் கிடையாது.

ஆண்டுக்கூட்டமோ மற்ற கூட்டமோ, எல்லாம் நடப்பது துவைப்புக் கூடத்தில். எல்லோரும் நிற்க வேறு இடம் இல்லை. சங்கம் ஆரம்பித்தபோது ஒற்றை எந்திரம் இருந்தது. அது ஓடும்போது பேசலாம். பிறகு எந்திரங்கள் வந்தன, இடம் மட்டும் மாறவில்லை. பாய்லரை நிறுத்தினால் மறுபடி நீராவி ஏற நேரமாகும், மருத்துவமனைத் துணி காத்திருக்காது என்பதால், எந்திரங்கள் ஓட ஓடவே தலைவி ஒரு பெட்டிமேல் ஏறி, ஒலிபெருக்கியில் கத்தி, "சம்மதம்னா இப்படிக் கை தூக்குங்க" என்று தன் கையை உயர்த்திக் காட்டுவாள். கூடம் முழுவதும் கை தூக்கும். கணக்கர் குறிப்பேட்டில் 'ஏகமனதாக' என்று எழுதுவார்.

"ஒலிபெருக்கி வெச்சுத்தானே பேசினேன்?" என்று கறாரின் காதில் கத்தினாள் தலைவி.

"சத்தம் வந்துச்சு. குழாய்ல தண்ணிக்குப் பதிலா காத்து வருமே, அந்த மாதிரி!"

தலைவி அவளை நம்பவில்லை. வம்புக்குச் சொல்கிறாள் என்றே நினைத்தாள். நேராகப் போய் அந்தப் பெட்டிமேல் ஏறினாள். தன் முழுத் தொண்டையையும் திறந்தாள்.

"நாளையிலிருந்து யாருக்கும் சம்பளம் கிடையாது! சம்மதமா?"

கையை உயர்த்தினாள்.

முன்வரிசைக் கைகள் சட்டென்று எழுந்தன. அவற்றைப் பார்த்து அடுத்த வரிசை, அதற்கடுத்து தூணுக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள். காற்றில் பயிர் சாய்வதுபோல் அது கடைசிச் சுவர்வரை ஓடியது. வாசலில் எட்டிப்பார்த்த பாய்லர்காரர்கூடக் கை தூக்கினார். ஒருத்தியும் அவள் வாயைப் பார்க்கவில்லை. எல்லோருடைய கண்ணும் அவள் உள்ளங்கையில் இருந்தது. ஊசி எங்கே என்று சிலர் வண்டிக்குள் குனிந்து தேடினார்கள்.

தலைவி கையை இறக்க மறந்து நின்றாள். அவள் இறக்காததால் அவர்களும் இறக்கவில்லை. கடைசியில் கறார்தான் எட்டி அவள் கையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். வேலை தொடர்ந்தது.

நடைவழிக்கு வந்ததும் தலைவி கேட்டாள்.

"அப்ப, மடிப்பறைக்காரங்க? அவங்களும் தூக்கினாங்களே."

"பின்னால நின்னவங்களுக்கு மட்டும் என்ன கேட்டிருக்கும்? எல்லாரும் தூக்குறாங்களேன்னு தூக்கியிருப்பாங்க. கல்யாண வீட்டுல நாலு பேர் எழுந்தா நாமளும் எழுந்திரிக்கறதில்லையா?"

தலைவி நடைவழிச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"என்னைத் தலைவியாக்கினப்போ?"

"அதுவும் அதேதான்."

"என்னது அதேதான்?"

"முதல் தடவை நீங்க பெட்டிமேல ஏறிக் கை தூக்கினப்போ, புது சோப்புத்தூள் வரப்போகுதுன்னு சொல்றீங்கன்னு நெனச்சோம். மறுநாள் நாற்காலியில உங்களைப் பார்த்தப்புறம்தான் விஷயம் தெரிஞ்சது. அப்புறம் நீங்க உள்ள வந்து வணக்கம் சொல்ற மாதிரி கை காட்டுவீங்களே, அப்பல்லாம் வேலை நின்னு போகும். உங்ககிட்ட யாரு சொல்றது?"

"நீ சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க நல்லாத்தான் நடத்துறீங்க. எதுக்குச் சொல்லணும்?"

முதல்முறை தலைவியான அன்று மாலை, தன் வீட்டுத் தெரு முழுவதற்கும் அவள் இனிப்பு வாங்கிக் கொடுத்திருந்தாள்.

அலுவலக அறையில் கணக்கர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"நீங்க எதுக்கு வீணா மனசைப் போட்டுக் குழப்பிக்கறீங்க? தீர்மானம் எழுதியாச்சு, கையெழுத்தாச்சு. கெடுவுக்குள்ள யாரும் ஆட்சேபணை கொடுக்கல. சட்டப்படி செல்லும்."

"அவங்க சம்மதிக்கவே இல்லையே."

"எதை நெனச்சுக் கை தூக்கினாங்கன்னு விதியில எங்கயும் கேக்கலம்மா. தூக்கினாங்களான்னுதான் கேக்குது."

"என் நாற்காலியும் அப்படித்தான் செல்லுமா?"

"அதுவும் செல்லும். அதைப்பத்தி இப்ப யாராவது கேட்டாங்களா? கேக்காத கேள்விக்கு நீங்களே போய் ஏன் பதில் தேடறீங்க?"

இதில் அவர் சொன்னது எதுவும் பொய்யில்லை. ஹோட்டல் வேலை வந்தால் இழுத்து இழுத்து ஓடும் பழைய உலர்த்தும் எந்திரத்தை மாற்றலாம். இந்த ஒப்பந்தத்துக்காக அவள் படியேறாத இடமில்லை. நாளை லாரி அனுப்பலாமா என்று சாயங்காலத்துக்குள் சொல்லிவிடுங்கள் என்று ஹோட்டல் மேலாளர் கேட்டிருந்தார். அவரிடம் சரி என்று சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் தானாக நடந்துவிடும். முணுமுணுத்துக்கொண்டே பாதிப் பேராவது நாளைக்கு வருவார்கள். அடுத்த வாரம் மற்றவர்களும் வருவார்கள்.

கணவனுக்குப் போன் போட்டாள். அவன் பஸ் ஓட்டுகிறவன். இரண்டு டிரிப்புக்கு நடுவில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். கதையைக் கேட்டுச் சிரித்தான்.

"எங்க டிப்போவுல எவனும் எதுக்கும் கை தூக்க மாட்டான். தூக்கினா டூட்டி போட்டுருவாங்க."

"என்னங்க, நான் எரிஞ்சு போய் நிக்கறேன், நீங்க வேற."

"சரி, ஒண்ணு கேக்கறேன். உனக்கு என்ன பயம்? ஞாயித்துக்கிழமை வேணாம்னுருவாங்கன்னா, இல்ல உன்னையே வேணாம்னுருவாங்கன்னா?"

"டிரிப்புக்கு நேரமாச்சு, போங்க" என்று போனை வைத்துவிட்டாள்.

வைத்தபிறகும் கேள்வி போகவில்லை. மேஜைக் கண்ணாடிக்கு அடியில் அவள் பெயருக்குக் கீழே 'ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்' என்ற வரி இருந்தது. இதுவரை அதைக் காட்டி எத்தனையோ அதிகாரிகளிடம் பேசியிருக்கிறாள். எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் என் பின்னால் நிற்கிறார்கள் என்று மேஜையைத் தட்டியிருக்கிறாள். பின்னால் நின்றது வாஸ்தவம்தான்; எதற்கு நிற்கிறோம் என்று அவர்களுக்குத்தான் தெரியாது.

எழுந்து பாய்லர் அறைக்குப் போனாள்.

"எந்திரமெல்லாத்தையும் நிறுத்தணும்."

பாய்லர்காரர் காதில் வைத்திருந்த பஞ்சை எடுத்தார். "என்ன சொன்னீங்க?"

"நிறுத்தணும்னேன்."

"ஒண்ணையா?"

"எல்லாத்தையும்."

"தாயி, ஆஸ்பத்திரித் துணி உள்ள கிடக்கு. அணைச்சா மறுபடி ஸ்டீம் ஏத்த எவ்வளவு நேரமாகும் தெரியுமா?"

"பாய்லரை அணைக்க வேணாம். உள்ள இருக்கறது முடியட்டும், புதுசா எதையும் போடாதீங்க. இன்னைக்குத் துணி தாமதமாகும்னு ஆஸ்பத்திரிக்கு நானே போன் பண்றேன். திட்டினா வாங்கிக்கறேன்."

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எந்திரங்கள் ஒவ்வொன்றாகச் சுற்றி முடித்து நின்றன. கடைசி எந்திரம் பெருமூச்சு விட்டு அடங்கியதும் கூடத்தில் யாரும் எதிர்பாராத ஓர் அமைதி வந்தது. குழாயில் தண்ணீர் சொட்டுவது கேட்டது. ஒருத்தி பழக்கத்தில், "அந்த வாளியை எடுடி!" என்று அலறினாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என் நாத்தனார் குரல் இப்படியா இருக்கும்? இத்தனை வருஷமா பக்கத்துலதான் நிக்கறா" என்றாள் இன்னொருத்தி.

"கேட்டுட்டீங்கல்ல அண்ணி, இனிமே என்னைப் பத்திப் பேசறப்போ பார்த்துப் பேசுங்க."

சிரிப்பு அடங்கட்டும் என்று தலைவி காத்திருந்தாள். பெட்டிமேல் ஏறவில்லை, ஒலிபெருக்கியும் எடுக்கவில்லை. காலையில் தான் கத்திய கேள்வி என்ன என்று முதலில் சொன்னாள். சம்பளம் இல்லாமல் வேலை செய்ய நீங்கள் எல்லோரும் கை தூக்கினீர்கள் என்றதும் கூடம் அதிர்ந்தது. பிறகு ஹோட்டல் வேலையைப் பற்றி, லாரி, ஞாயிறு, கிடைக்கக்கூடிய புது எந்திரம் எல்லாம் சொன்னாள்.

"அக்கா, ஊர்த் துணியெல்லாம் ஞாயித்துக்கிழமையும் துவைச்சா, எங்க வீட்டுத் துணியை எப்ப துவைக்கறது?" என்றாள் முன்வரிசையில் ஒருத்தி.

"வீட்டுக்காரரைத் துவைக்கச் சொல்லு."

"அவரு துவைச்சா கறார் அக்கா திருப்பி அனுப்பிடுவாங்க."

எல்லோரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. கணவனை இழந்த ஒருத்தி, ஞாயிறு கூலி வந்தால் தனக்கு நல்லது என்று தைரியமாகவே சொன்னாள். "உங்களுக்கு வீட்டுல ஆள் இருக்கு, சும்மா இருக்கலாம்னு சொல்றீங்க. எனக்குச் சும்மா இருந்தா அடுப்பு எரியாது." முறைவைத்து வரலாமா என்று ஒருத்தி கேட்டாள். ஹோட்டல்காரர் ஒவ்வொரு ஞாயிறும் முழு ஆள் கேட்கிறார் என்றாள் தலைவி. பேச்சு வளர்ந்தது. வாயே திறக்காதவர்கள் என்று அவள் நினைத்திருந்தவர்கள் எல்லாம் நீளமாகப் பேசினார்கள்.

"சரி, ஓட்டுப் போடுவோம்," என்றாள் கறார். "கை வேணாம். கையைக் கண்டா எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு."

ஆளுக்கு ஒரு வெள்ளைத் துண்டு, ஒரு நீலத் துண்டு என்று கொடுத்தார்கள். கயிற்றில் ஒரு விரிப்பைத் தொங்கவிட்டு அதன் பின்னால் அழுக்குத்துணிப் பை ஒன்றை வைத்தார்கள். சம்மதம் என்றால் வெள்ளை, இல்லை என்றால் நீலம். மிஞ்சும் துண்டை அந்தப் பக்கம் கிடக்கும் குவியலில் போட்டுவிட வேண்டும்.

"எண்ணவே வேணாம், தராசுல வெச்சு எடை போட்டுரலாம்" என்றார் பாய்லர்காரர்.

"நல்லாயிருக்கே! ஈரத்துண்டு போட்டவளுக்கு ரெண்டு ஓட்டு ஆயிடும்."

தலைவி விரிப்புக்கு முன்னால் வந்து நின்றாள்.

"ஞாயித்துக்கிழமை அப்புறம். முதல்ல என்னைப் பத்திப் போடுங்க. நான் தலைவியா இருக்கலாமா, கூடாதா."

"அதை இப்ப யாரு கேட்டா?" என்றாள் கறார்.

"நான் கேக்கறேன். நீங்க இதுவரைக்கும் என்னைத் தேர்ந்தெடுக்கவே இல்ல. அப்படியிருக்க அடுத்த கேள்வியை உங்ககிட்ட கேக்க நான் யாரு?"

கணக்கர் தொண்டையைச் செருமினார். இப்படி ஒரு வாக்கெடுப்புக்கு விதியில் இடமில்லை என்று சொல்ல வந்தவர், சுற்றிலும் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

ஒவ்வொருத்தியாக விரிப்புக்குப் பின்னால் போய் வந்தார்கள். தலைவி அவர்கள் முகத்தைப் பார்க்காமல் இருக்க முயன்றாள், முடியவில்லை. சிலர் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். சிலர் தரையைப் பார்த்தபடி போனார்கள். இரண்டுக்கும் அர்த்தம் கண்டுபிடிக்க முடியாது என்று பாதியிலேயே விட்டுவிட்டாள்.

பையைக் கவிழ்த்துப் பிரித்தார்கள். வெள்ளைக் குவியல் பெரியது. நீலமும் சின்னது என்று சொல்ல முடியாது, ஒரு வண்டியின் அடியை நிரப்பும். கறார் இரண்டையும் இருமுறை எண்ணிவிட்டு, "நீங்களே இருங்க" என்றாள். கை தட்டினார்கள்.

தலைவி நீலக் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை பேர். தினமும் பார்த்து, நலம் விசாரித்து, பிள்ளைகளுக்கு ஜுரம் என்றால் விடுப்புக் கொடுத்த முகங்கள். யார் யார் என்று தெரியாது, இனித் தெரியவும் போவதில்லை. வலித்தது. ஆனாலும் பக்கத்தில் இருந்த வெள்ளைக் குவியல், வாசல் பலகையும் குறிப்பேடும் சொன்ன எதையும்விடக் கனமாகத் தெரிந்தது.

அடுத்தது ஞாயிறு. இம்முறை எண்ண வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பையிலிருந்து நீலம் நீலமாக வந்தது. வெள்ளை இங்கொன்றும் அங்கொன்றும். ஞாயிறு கூலி கேட்டவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவளுக்கு வாரநாளில் கூடுதல் நேரம் ஒதுக்க முடியுமா என்று கறார் தலைவியிடம் கேட்டாள். பார்க்கலாம் என்றாள் தலைவி.

"என்னை இருக்கச் சொல்லிட்டு, நான் கொண்டுவந்த வேலையை வேணாம்னுட்டீங்களே" என்றாள், கொஞ்சம் ஆற்றாமையோடு.

"உங்களை வேணாம்னு சொல்லலியே. ஞாயித்துக்கிழமையைத்தான் வேணாம்னோம்," என்றாள் நாத்தனார்க்காரி. "ரெண்டும் ஒண்ணா?"

எந்திரங்கள் மறுபடி ஓடத் தொடங்கியபோது தலைவி அலுவலக அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஹோட்டல் மேலாளரைக் கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை முடியாது, வாரநாளில் அனுப்பினால் செய்து தருகிறோம் என்றாள். அந்தப் பக்கம் கோபம் வந்தது.

"போன வாரம்தானே சம்மதம்னு எழுதிக் கொடுத்தீங்க? அத்தனை பேரும் ஒத்துக்கிட்டாங்கன்னு சொன்னீங்களே!"

"தப்பாச் சொல்லிட்டேன் சார். அப்ப நான் அவங்களைக் கேக்கல. இன்னைக்குத்தான் கேட்டேன்."

"என்னம்மா விளையாட்டு இது? நீங்கதானே அங்க தலைவி? நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேக்க மாட்டாங்களா?"

"நான்தான் சார் தலைவி. இன்னைக்கு மதியத்திலிருந்து. அதனாலதான் முடியாதுன்னு சொல்றேன்."

வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் போனை வைத்துவிட்டார். புது எந்திரத்துக்கு இனி வேறு வழி தேட வேண்டும். தலைவி எழுந்துபோய், பலகையில் ஒட்டியிருந்த தாளை நகத்தால் சுரண்டிக் கிழிக்க ஆரம்பித்தாள். பசை நன்றாகப் பிடித்திருந்தது. துண்டு துண்டாகத்தான் வந்தது.